போனில் வாங்கவா, கடையில் வாங்கவா? வண்டிச் சாமான் வாங்கும் முன் நாம் தெரிந்துகொள்ள வேண்டியவை



முன்பெல்லாம் கூட்டமைப்புக் கூட்டம் என்றால் பாதிப்பேர் பஸ்ஸில் வருவார்கள், மீதிப்பேர் நடந்து வருவார்கள். இப்போது கூட்டம் நடக்கிற இடத்து வாசலில் வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. டிவிஎஸ் எக்ஸ்எல், ஸ்கூட்டி, ஆக்டிவா என்று பல வகை. மீன் விற்க ஒரு வண்டி, இட்லி மாவு போட ஒரு வண்டி, துணி கொண்டுபோய் வீடு வீடாகக் காட்ட ஒரு வண்டி. சிலர் குழுக்கடனில் வாங்கினார்கள். வேலைக்குப் போகும் பெண்களுக்குப் பாதி விலை, அதிகபட்சம் 25,000 ரூபாய் என்று 2018-ல் அரசு தொடங்கிய மானியத் திட்டத்தில் வாங்கியவர்களும் உண்டு.

வண்டி வாங்குவது பற்றி நாம் நிறையப் பேசியாகிவிட்டது. கடன் மனு, தவணை, லைசென்ஸ் எல்லாம் நம் உறுப்பினர்களுக்கு அத்துப்படி. ஆனால் வாங்கிய வண்டி ஒரு நாள் நின்றுவிட்டால்? அதற்கு ஒரு சாமான் மாற்ற வேண்டும் என்று மெக்கானிக் சொன்னால் அதை எங்கே வாங்குவது, எப்படி வாங்குவது? குழுக் கூட்டங்களுக்குப் போகும்போது இந்தப் புலம்பல்தான் அடிக்கடி காதில் விழுகிறது. "போன்ல ஆர்டர் போட்டேன், பார்ட்டு வந்துட்டு, ஆனா வண்டியில சேர மாட்டேங்குது" என்று ஒருவர். "கடையில கேட்டா, வீட்டுல ஆம்பளைங்க யாரையாவது அனுப்புங்கங்கான்" என்று இன்னொருவர். இரண்டிலுமே பணமும் போகிறது, நாளும் போகிறது. அதனால்தான் இந்த மாதம் இதை எழுதுகிறேன்.

நம்ம ஊர்க் காற்றும் 2023 வெள்ளமும்

முதலில் நம் ஊர் விஷயம் ஒன்று. காயல்பட்டினம், புன்னக்காயல், வீரபாண்டியன்பட்டினம் இதெல்லாம் கடலை ஒட்டிய ஊர்கள். ஆறுமுகநேரிப் பக்கம் போனால் உப்பளம். இந்தக் காற்றில் உப்பு இருக்கிறது. உள்நாட்டு ஊர்களில் நாலைந்து வருஷம் உழைக்கும் பிரேக் கேபிள் இங்கே சீக்கிரமே துருப்பிடித்து இறுகிவிடும். சைலன்ஸர் அடியில் அரித்து ஓட்டை விழும். வயர் சேரும் இடங்களில் பச்சை பூத்துவிடும். மீன் பெட்டி ஏற்றும் வண்டி என்றால் கேட்கவே வேண்டாம், ஐஸ் தண்ணீரும் உப்பும் பின்சக்கரத்தில் சொட்டிக்கொண்டே இருக்கும். ஆகவே சாமான் மாற்றும் செலவு நமக்கு மற்றவர்களைவிடக் கூடுதல்தான்.

அதற்கு மேலே வந்ததுதான் 2023 டிசம்பர் 17, 18 தேதி மழை. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் பெய்தது. ஒரு வருஷத்தில் பெய்ய வேண்டிய மழையைவிட அதிகம் ஒரே நாளில் கொட்டியது. வாசலில் நின்ற வண்டிகள் ஹேண்டில்பார் வரை முங்கின. தண்ணீர் வடிந்த பிறகு, நம் உறுப்பினர்கள் பலபேர் செய்த முதல் காரியம் சாவியைப் போட்டு உதைத்துப் பார்த்ததுதான். அதைச் செய்யவே கூடாது. இன்ஜினுக்குள் தண்ணீர் இருக்கும்போது உதைத்தால் உள்ளே உள்ள ராடு வளைந்துபோகும். பிளக்கைக் கழற்றி, தண்ணீரை வடித்து, ஆயிலை மாற்றிய பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும். இன்சூரன்ஸ் விஷயமும் அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது. தேர்டு பார்ட்டி மட்டும் கட்டியிருந்தால் வெள்ளத்தில் வண்டி கெட்டதற்கு ஒரு ரூபாய்கூடக் கிடைக்காது. முழு இன்சூரன்ஸ் இருந்தால்தான் கேட்க முடியும்.

அந்த நேரத்தில் எல்லோருக்கும் ஒரே சாமான்கள் தேவைப்பட்டன. ஏர் ஃபில்டர், பிளக், பேரிங், பிரேக் ஷூ, பேட்டரி. வெள்ளம் புகுந்த ஊர்களில் கடைக்காரர்களின் சரக்கும் நனைந்து கிடந்தது. ரோடு அங்கங்கே அறுந்து கிடந்ததால் வெளியிலிருந்து புதுச்சரக்கு வரவும் தாமதம். "இன்னும் ஒரு வாரம் ஆகும்" என்றுதான் எல்லாக் கடையிலும் பதில். அந்த ஒரு வாரத்தைப் பொறுக்க முடியாமல்தான் நம்மில் நிறையப்பேர் முதல்முறையாகப் போனில் வண்டிச் சாமான் தேடினோம். அதுவரை சேலையும் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமானும் வாங்கிப் பழகிய கை, வண்டிச் சாமானும் அதே மாதிரிதான் என்று நினைத்துவிட்டது.

ஒரு கார்புரேட்டரின் கதை

எக்ஸ்எல் வண்டியில் ஆறுமுகநேரி, குரும்பூர்ப் பக்கம் மீன் கொண்டுபோய் விற்கும் ஓர் அக்கா. வெள்ளத்தில் முங்கிய வண்டி. கார்புரேட்டரைக் கழுவிக் கழுவிப் பார்த்துவிட்டு, இனி மாற்றத்தான் வேண்டும் என்று மெக்கானிக் சொல்லிவிட்டார். திருச்செந்தூரில் விசாரித்தபோது இருப்பு இல்லை. அக்காவின் அண்ணன் மகன் போனில் தேடினான். படம் அச்சு அசலாக அதே மாதிரி இருந்தது, விலையும் கடையில் சொன்னதைவிட 300 ரூபாய் குறைவு. ஆர்டர் போட்டான்.

ஆறாம் நாள் வந்தது. மெக்கானிக் மாட்டிப் பார்த்தார், உட்காரவில்லை. "அக்கா, இது பழைய எக்ஸ்எல் சூப்பருக்குள்ளது. உங்க வண்டி எக்ஸ்எல் ஹன்ட்ரடுல்லா" என்றார். திருப்பி அனுப்ப விண்ணப்பம் போட்டார்கள். எடுக்க வந்த பையன் அதில் பெட்ரோல் வாடையும் ஸ்பானர் தடமும் இருப்பதைப் பார்த்துவிட்டு, பயன்படுத்திய சாமானை வாங்கக் கூடாது என்று போய்விட்டான். அப்புறம் ஒரு நாள் பஸ் ஏறித் திருநெல்வேலி போய்ச் சரியானதை வாங்கி வந்தார்கள். ஆக மொத்தம் வண்டி ஓடாத நாள் பதினொன்று. செலவு போக ஒரு நாளைக்கு 400 ரூபாய் நிற்கும் என்று அந்த அக்கா சொன்ன கணக்குப்படி 4,400 ரூபாய் வருமானம் போச்சு. 300 ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் இவ்வளவு. வாரத் தவணைக்கு அந்த மாதம் உள்கடன் எடுத்துத்தான் கட்டினார்.

இதில் அந்தப் பையனைக் குறை சொல்ல நான் தயாரில்லை. படத்தைப் பார்த்தால் எனக்கும் வித்தியாசம் தெரியாது. சாமான் பெயரை வைத்துத் தேடினால் இப்படித்தான் ஆகும். ஏன் என்று பார்ப்போம்.

ஒரே பெயர், பல வண்டி

நம் ஊரில் எல்லா எக்ஸ்எல் வண்டிக்கும் இன்றைக்கும் பெயர் "டிவிஎஸ் ஃபிஃப்டி"தான். அந்த டிவிஎஸ் 50 ஓசூரிலிருந்து 1980-ல் வந்தது. அதன் பிறகு எத்தனையோ மாறிவிட்டது. எக்ஸ்எல் சூப்பர் என்பது டூ ஸ்ட்ரோக் வண்டி, பெட்ரோலோடு ஆயில் கலந்து ஊற்றுவோமே, அது. 2015-ல் வந்த எக்ஸ்எல் 100 ஃபோர் ஸ்ட்ரோக். இதற்கு இன்ஜின் ஆயில் தனி. இரண்டுக்கும் இன்ஜின் சாமான் ஒன்றுக்கொன்று சேராது. அதோடு முடியவில்லை. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தது. அந்த விதிக்கு ஏற்பச் செய்த எக்ஸ்எல் 100-ல் கார்புரேட்டரே கிடையாது. எஃப்.ஐ. என்று சொல்லும் வேறு ஏற்பாடு வந்துவிட்டது. ஆக "எக்ஸ்எல் கார்புரேட்டர்" என்று தேடினால் மூன்றில் எந்த வண்டிக்கு என்று போனுக்கு எப்படித் தெரியும்?

(இந்த இடத்தில் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. டிவிஎஸ் குழுமத்தைத் தொடங்கிய டி.வி. சுந்தரம் அய்யங்கார் பிறந்தது நம் திருநெல்வேலிச் சீமை திருக்குறுங்குடியில். 1911-ல் மதுரையில் கம்பெனி தொடங்கினார். தொடங்கியவர் நம்ம பக்கத்து ஆள், நாம்தான் ஒரு கார்புரேட்டருக்குப் பதினோரு நாள் அலைகிறோம்!)

ஸ்கூட்டரும் இப்படித்தான். ஆக்டிவாவில் 3ஜி, 4ஜி, 5ஜி, 6ஜி என்று உண்டு. செல்போன் டவர் என்று நினைத்துவிடாதீர்கள், அது வண்டியின் மாடல். பிரேக் ஷூவில் 110 எம்.எம்., 130 எம்.எம். என்று அளவு வேறு. சில வண்டிக்கு முன்சக்கரத்தில் டிரம் பிரேக், சிலதுக்கு டிஸ்க். கார்புரேட்டர் மாறி வந்தால் வண்டி ஓடாது, அவ்வளவுதான். பிரேக் சாமான் அளவு மாறி, மெக்கானிக்கும் "எப்படியோ" மாட்டிவிட்டால் ஆபத்து நமக்கு, பின்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு.

அதனால் சாமான் வாங்கும் முன் இரண்டு எண்கள் கையில் இருக்க வேண்டும்.

முதலாவது, வண்டியின் சேஸிஸ் எண். ஆர்.சி.யில் இருக்கும். எழுத்தும் எண்ணும் சேர்த்து 17 இருக்கும். டிவிஎஸ் வண்டி என்றால் எம்.டி.6 என்று ஆரம்பிக்கும். அதே ஆர்.சி.யில் வண்டி செய்த மாதம், வருஷமும் இருக்கும். கம்பெனி ஷோரூமின் ஸ்பேர் பார்ட்ஸ் கவுன்டரில் இந்த எண்ணைக் கொடுத்தால் உங்கள் வண்டிக்கு எது சேரும் என்று கம்ப்யூட்டரில் பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.

இரண்டாவது, பார்ட் நம்பர். கம்பெனி ஒவ்வொரு சாமானுக்கும் ஓர் எண் வைத்திருக்கிறது. புதுச்சாமான் வரும் அட்டைப் பெட்டியின் ஸ்டிக்கரில் இருக்கும். சில சாமானில் உடம்பிலேயே பொறித்திருக்கும். போனில் தேடும்போது பெயரைப் போட்டுத் தேடாதீர்கள், இந்த எண்ணைப் போட்டுத் தேடுங்கள். படம் ஏமாற்றும். எண் சரியாக இருந்தால் சாமானும் பெரும்பாலும் சரியாக இருக்கும்.

ஒரிஜினல் என்றால் என்ன?

கடைக்குப் போனால் "ஒரிஜினல் வேணுமா, சாதா வேணுமா" என்று கேட்பார்கள். நாமும் விலையை மட்டும் கேட்டுவிட்டு ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். இதில் உண்மையில் மூன்று வகை இருக்கிறது.

வண்டி செய்த கம்பெனியின் பெயரிலேயே, அதன் பெட்டியில் வருவது ஒன்று. இதுதான் விலை கூடியது. அடுத்தது, சாமான் செய்வதையே தொழிலாக வைத்திருக்கும் கம்பெனிகள் தங்கள் சொந்தப் பெயரில் விற்பது. கோயம்புத்தூர் ரோலான் செயின், மதுரையில் செய்யும் டிவிஎஸ் யூரோகிரிப் டயர், எஸ்.கே.எஃப். பேரிங், பாஷ் பிளக் எல்லாம் இந்த வகை. இதில் தவறே இல்லை. மெக்கானிக்குகளே விரும்பி வாங்குவார்கள். மூன்றாவதுதான் டூப்ளிகேட். அடுத்தவன் பெயரையும் பெட்டியையும் காப்பியடித்து வருவது. பெயரில் ஓர் எழுத்து மாறியிருக்கும், அச்சு மங்கலாக இருக்கும், விலை ஸ்டிக்கருக்கு மேல் இன்னொரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும்.

போனில் பார்க்கும்போது "சூட்டபிள் ஃபார்", "கம்பேட்டிபிள்" என்ற வார்த்தைகள் இருக்கும். "இந்த வண்டிக்குப் பொருந்தும்" என்று விற்பவர் சொல்கிறார், அவ்வளவுதான் அதன் அர்த்தம். வண்டிக் கம்பெனியின் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும், இந்த வார்த்தை சின்னதாக இருக்கும். சேலை விளம்பரத்தில் "பட்டு போன்ற" என்று போடுவார்களே, அந்த மாதிரி. வாங்குவதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. கம்பெனிச் சாமான் என்று நினைத்துப் பணம் கட்டிவிடக் கூடாது.

பெட்டியில் வந்தால், அதன் மேல் செய்தவர் அல்லது பேக் செய்தவரின் பெயர், முகவரி, மாதம் வருஷம், வரி உட்பட எம்.ஆர்.பி. விலை, புகார் சொல்ல போன் நம்பர் எல்லாம் இருக்க வேண்டும் என்பது சட்டம். எம்.ஆர்.பி.க்கு மேல் ஒரு ரூபாய்கூட யாரும் வாங்கக் கூடாது. 28 சதவீதம் ஜி.எஸ்.டி. இருந்த வண்டிச் சாமான்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம்தான். பழைய ஸ்டிக்கரைக் காட்டி விலை சொன்னால், "வரி குறைச்சாச்சே அண்ணாச்சி" என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

கடைக்காரர் பக்கமும் கொஞ்சம் பார்ப்போம்

உள்ளூர்க் கடையில் பெரிய வசதி ஒன்று இருக்கிறது. கழற்றிய பழைய சாமானைக் கையில் கொண்டுபோகலாம். கடைக்காரர் புதுசை எடுத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்துத் தருவார். சேரவில்லை என்றால் அன்று சாயங்காலமே மாற்றிக்கொள்ளலாம். இருபது வருஷம் கவுன்டரில் நின்றவருக்கு, வண்டி எது என்று கேட்ட உடனே எந்த வருஷத்து மாடலுக்கு எது சேரும் என்று மனப்பாடமாகத் தெரியும். அந்த அறிவுக்கும் சேர்த்துத்தான் நாம் நூறு, இருநூறு கூடக் கொடுக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டியை நம்பிப் பிழைக்கிறவர்களுக்கு அது வீண் செலவு இல்லை என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் கடையிலும் குறை இல்லாமல் இல்லை. நம்மைப் பார்த்ததும் பேசாமல், கூட வந்த பன்னிரண்டு வயசுப் பையனிடம் "என்ன வண்டிப்பா?" என்று கேட்பார்கள். ஓட்டுவது நாம், தவணை கட்டுவது நாம். காயல்பட்டினத்தில் ஒரு லாத்தா இதற்கு நல்ல வழி கண்டுபிடித்தார். தன் வண்டியின் மாடல், வருஷம், வேண்டிய சாமானின் பார்ட் நம்பர் எல்லாவற்றையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி நீட்டிவிடுவார். சீட்டைப் பார்த்ததும் கடைக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்து பதில் சொல்கிறாராம்.

இன்னொன்று, பில். "பில் வேணும்னா வரி சேர்த்து வாங்குவோம்" என்று சொல்லும் கடைகள் உண்டு. எம்.ஆர்.பி. என்பதே வரி சேர்ந்த விலைதான், அதனால் இந்தப் பேச்சுக்கு இடமே இல்லை. 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்ற பொருளுக்கு பில் தராமலிருப்பது முறையற்ற வணிகம். பழுதுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்ள மறுப்பதும் அப்படியே. பில்லில் கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாள் வரை அந்தப் பொறுப்பு கடைக்காரருக்கு உண்டு. சுவரில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்று எழுதிவைத்தால் சட்டம் மாறிவிடாது. ஒன்று மட்டும் கவனியுங்கள், பழுதுள்ள பொருளுக்குத்தான் இது. நாமே மாடலை மாற்றிச் சொல்லி வாங்கிவிட்டு உரிமை பேச முடியாது. வயர், பல்பு, சென்சார் போன்ற கரண்ட் சாமான்களை மாட்டிய பிறகு கடைக்காரர்கள் மாற்றித் தரத் தயங்குவார்கள். அதனால் வாங்கும்போதே கடையிலேயே சோதித்து வாங்குங்கள்.

மெக்கானிக்கே சாமானும் வாங்கிப் போடுகிறார் என்றால், பழைய சாமானைக் கண்டிப்பாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். புதுசின் பெட்டியையும் கேளுங்கள். சந்தேகப்படுவதாக அவர் நினைத்தால் நினைக்கட்டும். பெட்டியில்தானே அந்தப் பார்ட் நம்பர் இருக்கிறது, அடுத்த தடவைக்கு வேண்டும்.

போனில்தான் வாங்க வேண்டும் என்றால்

போனில் வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பழைய டூ ஸ்ட்ரோக் வண்டிகளுக்குச் சாமான் கடைகளில் அருகிவருகிறது. அப்படிப்பட்ட வண்டிக்குப் பார்ட் நம்பர் தெரிந்தால் போனில் தேடுவது நல்ல வழி. சீட் கவர், கண்ணாடி, ஹெல்மெட் போன்றவையும் வாங்கலாம். ஹெல்மெட்டில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும். 2021 ஜூன் 1 முதல் அது இல்லாத ஹெல்மெட்டை விற்பதே குற்றம். ஆனால் வண்டி நின்றுபோய், நாளைக்கே ஓட வேண்டும் என்ற நிலையில் போனை நம்பாதீர்கள்.

ஆர்டர் போடும் முன் விற்பவர் யார் என்று பாருங்கள். பெரிய கம்பெனியின் செயலியில் வாங்கினாலும், உள்ளே விற்பவர் எங்கோ டெல்லியிலோ சூரத்திலோ இருக்கும் ஒரு வியாபாரியாக இருக்கலாம். திரும்ப எடுக்க எத்தனை நாள் கெடு என்பதையும் பாருங்கள். ஏழு நாள் கெடு என்று போட்டிருக்கும், நம் மெக்கானிக்கோ பத்தாம் நாள்தான் நேரம் தருவார். எனவே மெக்கானிக் நாளைக் கேட்டுக்கொண்டு ஆர்டர் போடுங்கள். 628204 என்று நம் பின்கோடைப் போட்டால் சில சாமானுக்கு டெலிவரியே இல்லை என்று வரும், அதையும் பணம் கட்டும் முன் பார்த்துவிடுங்கள்.

பார்சல் வந்ததும் பிரிப்பதை ஆரம்பம் முதல் கடைசி வரை போனில் வீடியோ எடுங்கள். பெட்டிக்குள் வேறு சாமானோ உடைந்த சாமானோ இருந்தால் அதுதான் சாட்சி. பழைய சாமானோடு வைத்துப் பாருங்கள். துளை, நீளம், எண் மூன்றும் ஒத்துப்போனால் மட்டும் மெக்கானிக் கையில் கொடுங்கள். மேலே சொன்ன அக்கா விஷயத்தில் மாட்டிப் பார்க்காமல் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தாலே போதும், பெட்ரோல் வாடை பட்டிருக்காது.

ஆர்டர் யார் பெயரில், யார் போனில் என்பதும் முக்கியம். வெளியூரில் வேலை பார்க்கும் தம்பியின் கணக்கில் ஆர்டர் போட்டால், புகார் சொல்லவும் அவர்தான் வர வேண்டும். ஓ.டி.பி. அவர் போனுக்குப் போகும், டெலிவரிப் பையன் நம் வாசலில் நிற்பான்.

எல்லாவற்றையும்விட இதைக் கவனமாகப் படியுங்கள். சாமான் சரியில்லை என்றதும் நாம் செய்யும் காரியம், போனில் அந்தக் கம்பெனியின் கஸ்டமர் கேர் நம்பரைத் தேடுவது. அப்படித் தேடும்போது மோசடிக்காரர்கள் போட்டுவைத்த நம்பரும் வரும். கூப்பிட்டால் இனிமையாகப் பேசுவார்கள். "பணம் திரும்ப வர இந்த ஆப்பை இறக்குங்க, பின் நம்பர் போடுங்க" என்பார்கள். நமக்குப் பணம் வருவதற்கு நாம் பின் நம்பர் போடவே தேவையில்லை. பின் போட்டால் நம் பணம் அவர்களுக்குப் போகிறது என்று அர்த்தம். கஸ்டமர் கேரைத் தேட வேண்டுமானால், ஆர்டர் போட்ட செயலிக்கு உள்ளேயே தேடுங்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காமல் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு. குழுவின் வங்கிக் கணக்கோடு சேர்ந்த போன் எதிலும் இந்த மாதிரி வாங்கல் வேலை வைத்துக்கொள்ள வேண்டாம் என்று ஊக்குநர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

புகார் எங்கே சொல்வது?

2020-ல் வந்த மின்வணிக விதிகளின்படி, பழுதான, போலியான, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க விற்பவர் மறுக்கக் கூடாது. புகார் வந்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். முதலில் செயலிக்குள் புகார் போட்டு அந்தப் புகார் எண்ணை எழுதி வையுங்கள். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணைக் கூப்பிடலாம். தமிழிலேயே பேசலாம்.

அதிலும் முடியவில்லை என்றால் தூத்துக்குடியில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். வாங்கிய பொருளின் விலை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. "நான் வியாபாரத்துக்கு வண்டி வைத்திருக்கேன், எனக்கு இந்தச் சட்டம் உண்டா?" என்று ஒரு குழுவில் கேட்டார்கள். நல்ல கேள்வி. பெரிய வியாபார நோக்கத்துக்கு வாங்கினால் நுகர்வோர் ஆக முடியாது. ஆனால் சொந்தப் பிழைப்புக்காக, சுயதொழிலுக்காக வாங்கியவர் நுகர்வோர்தான் என்று சட்டமே சொல்கிறது. மீன்காரியும் மாவுக்காரியும் அதில் வருவார்கள்.

குழுவாக என்ன செய்யலாம்?

ஒரு ஊரில் பத்து எக்ஸ்எல் ஓடுகிறது என்றால் பத்துப் பேருக்கும் ஒரே சாமான்தான் அடிக்கடி தேவைப்படும். ஸ்பார்க் பிளக், பிரேக் கேபிள், ஆக்ஸிலரேட்டர் கேபிள், பிரேக் ஷூ, டியூப், பல்பு, ஃபியூஸ். இவற்றில் இரண்டிரண்டு வாங்கி ஒரு டப்பாவில் குழுவில் வைத்திருந்தால், வண்டி நின்ற அன்றைக்கே மாட்டிவிடலாம். எடுத்தவர் பணத்தைக் கட்டிவிட வேண்டும், அந்தப் பணத்தில் திரும்ப வாங்கி வைக்க வேண்டும். எண்ணெய் தடவி, பிளாஸ்டிக் பையில் சுற்றி வைக்காவிட்டால் நம் உப்புக்காற்றில் டப்பாவுக்குள்ளேயே துருப்பிடித்துவிடும். மொத்தமாக வாங்குகிறோம் என்றால் தூத்துக்குடிக் கடைகளில் விலை குறைத்துக் கேட்கவும் முடியும். இதற்குத் தீர்மானம் போட்டு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பொறுப்பு யாரிடம் என்பதையும் எழுதுங்கள், இல்லாவிட்டால் டப்பா ஒரு வீட்டிலும் சாவி ஒரு வீட்டிலும் இருக்கும்.

அதோடு ஒவ்வொரு குழு நோட்டிலும் கடைசிப் பக்கத்தில் உறுப்பினர் வண்டிகளின் பட்டியல் ஒன்று எழுதலாம் என்று நினைக்கிறோம். வண்டியின் பெயர், வருஷம், சேஸிஸ் எண், இன்சூரன்ஸ் முடியும் தேதி, இதுவரை மாற்றிய சாமான்களின் பார்ட் நம்பர். அடுத்த மாதக் கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும்போது வண்டி வைத்திருப்பவர்கள் ஆர்.சி. ஜெராக்ஸ் ஒன்று கையோடு கொண்டுவாருங்கள். பழைய சாமான் பெட்டி வீட்டில் கிடந்தால் அதையும் எடுத்து வாருங்கள். எழுதத் தெரிந்த பிள்ளைகளைக் கூட்டி வந்தால் அன்றைக்கே எல்லோருடையதையும் எழுதி முடித்துவிடலாம்.